துப்பாக்கிக்கு எந்தப் பூச்சு நல்லது? தேய்ந்த இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில்

கேள்வி இதுதான்: ப்ளூயிங், பார்க்கரைசிங், குரோம், நைட்ரைடிங், செராகோட் என்று இத்தனை இருக்கிறதே, துருவைத் தடுப்பதில் எது சிறந்தது? கூடவே இன்னொன்று. கைக்கு வந்திருக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் கறுப்பு நிறம் போய் இரும்பு வெளுத்துத் தெரிகிறது, அதற்கு எதைப் போடலாம்?

உலோகப் பூச்சு வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலிடம், இரண்டாமிடம் என்று ஒரு வரிசை போட்டுக் கொடுத்தால் அது உங்களுக்கு உதவாது. போட்ட அன்று எல்லாப் பூச்சும் நன்றாகத்தான் இருக்கும். உறையில் உரசி, கையின் வேர்வை பட்டு, ஏதோ ஒரு விளிம்பில் தேய்ந்த பிறகு அந்த இடத்தில் என்ன ஆகிறது? அங்கேதான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உண்மையான வித்தியாசம் தெரியும். நான் எல்லாப் பூச்சையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

துரு எப்படிப் பிடிக்கிறது என்பதை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். இரும்பும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு வரும், உப்பு சேர்ந்துவிட்டால் வேகம் பிடிக்கும். சிவப்புத் துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அது உப்பி, பொருக்காகி, உதிர்ந்து, அடியில் இருக்கும் புது இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. அதாவது துரு தனக்கு வேண்டிய வழியைத் தானே வெட்டிக்கொண்டு உள்ளே போகும். ஆனால் இரும்புக்கு இன்னொரு ஆக்சைடும் உண்டு. கறுப்பு நிறம், பெயர் மேக்னடைட். இது உதிராது, இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும். சிவப்பு வருவதற்கு முன்னால் நாமே கறுப்பை வளர்த்துவிடுவதுதான் ப்ளூயிங். பெயரில் நீலம் இருந்தாலும் நன்றாகப் பாலிஷ் செய்த இரும்பின் மேல் வெளிச்சம் படும்போதுதான் அந்த நீலச் சாயல் தெரியும், மற்றபடி அது கறுப்புதான்.

இன்று தொழிற்சாலைகளில் செய்வது சூடான ப்ளூயிங். காஸ்டிக் சோடாவும் சோடியம் நைட்ரேட்டும் கரைத்த தொட்டி, சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதில் அரை மணி நேரம் ஊறினால் வேலை முடிந்தது. படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஒரு தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இது எவ்வளவு மெல்லியது என்று புரியும். இதனால் ஒரு பெரிய நன்மை: பாகங்களின் அளவு மாறாது, ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களில் எதுவும் இறுகாது. அடியில் செய்த பாலிஷும் அப்படியே தெரியும். அழகுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் பாதுகாப்பு? இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்தப் படலம் முழுக்க நுண்துளைகள். துளைகளுக்குள் எண்ணெய் இருக்கும் வரை காக்கும், எண்ணெய் போனால் படலம் மட்டும் தனியாக நின்று எதையும் பெரிதாகத் தடுக்காது. நம்பவில்லையென்றால் ப்ளூயிங் செய்த ஒரு தகட்டுத் துண்டை எடுத்து, எண்ணெய்ப்பசை சுத்தமாகப் போகும்படி துடைத்துவிட்டு, வேர்த்த கட்டைவிரலை அழுத்தி எடுத்து, ஈரக்காற்று உள்ள அறையில் ஓரிரு நாள் வைத்துப் பாருங்கள். ரேகையின் சுழிகள் ஒவ்வொன்றும் செம்பழுப்புக் கோடுகளாக அந்தத் தகட்டில் எழுந்திருக்கும். தொழில் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் இதை ஒருமுறை செய்துகாட்டினால் போதும், அப்புறம் வெறும் கையால் இரும்பைத் தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைக்க மாட்டார்கள்.

சூடான ப்ளூயிங்குக்கு முந்தையது துரு ப்ளூயிங். பெயரே சொல்கிறது: வேண்டுமென்றே துருப்பிடிக்க வைப்பது. பசை நீக்கிய குழலின் மேல் அமிலம் கலந்த கரைசலை மெல்லிசாக, ஒரே திசையில் தடவி, ஈரப்பெட்டியில் சில மணி நேரம் தொங்கவிட வேண்டும். எடுத்துப் பார்த்தால் குழல் முழுக்க வெல்வெட் துணி போர்த்தியது போல ஆரஞ்சு நிறத் துரு படர்ந்திருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதை அப்படியே கொதிக்கும் சுத்தமான நீரில் இறக்கினால், கண் முன்னாலேயே ஆரஞ்சு மங்கி, பழுப்பாகி, சில நிமிடங்களில் கறுத்துவிடும். சிவப்பு ஆக்சைடு மேக்னடைட்டாக மாறிவிட்டது. பிறகு மென்மையான இரும்பு நாரால் தேய்த்தால் ஒட்டாத கரித்தூள் போய், ஒட்டியது மட்டும் நிற்கும். முதல் சுற்றில் சாம்பல் நிறம்தான் வரும். மறுபடி தடவி, துருப்பிடிக்க விட்டு, கொதிக்கவைத்து, தேய்க்க வேண்டும். ஆறு, எட்டு, சில இரும்புக்குப் பத்துச் சுற்றுகூட ஆகும். நாட்கள் பிடிக்கும், கூலியும் அதற்கேற்ப. ஆனால் சூடான தொட்டியில் வரும் படலத்தைவிட இது உழைக்கும், பளபளப்பு இல்லாத பட்டு போன்ற ஆழமான கறுப்பு. உங்கள் இரட்டைக்குழலைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

கொதிக்கவைக்காமல் சிவப்புத் துருவையே கட்டுப்படுத்தி, தேய்த்து, நிறுத்திவிட்டால் அதுதான் பிரவுனிங், பழைய பழுப்பு நிறக் குழல்கள். உருகிய நைட்ரேட் உப்பில் சுமார் 300 டிகிரியில் போட்டால் திருகுகளுக்கும் பின்களுக்கும் வரும் மயில்கழுத்து நீலம் அழகுக்கு மட்டும். எலும்புக்கரியில் புதைத்துச் சூடாக்கி நீரில் குளிர்விக்கும்போது துப்பாக்கியின் உடற்பகுதியான சட்டங்களில் வரும் வண்ணத் திட்டுகளும் மிக மெல்லியவை, வெயிலிலும் உரசலிலும் மங்கிப்போகும். அந்த முறையின் உண்மையான பயன், மென்மையான இரும்பின் மேல்தோல் கடினமாவது. குப்பியில் விற்கும் குளிர்ந்த ப்ளூயிங் திரவம் வேறு சரக்கு. அது பெரும்பாலும் செலினியமும் செம்பும் சேர்ந்த ஒரு கறுப்புப் படிவு, இரும்பின் ஆக்சைடே அல்ல. சின்னக் கீறலை மறைக்க வைத்துக்கொள்ளலாம். முழுத் துப்பாக்கிக்கும் பூசினால் நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

சரி, பார்க்கரைசிங்குக்கு வருவோம். பாஸ்பேட் பூச்சுதான் இது. இங்கிலாந்தில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906இல் காப்புரிமை பெற்ற முறை. அந்த உரிமையை வாங்கி அமெரிக்காவில் 1915இல் பார்க்கர் நிறுவனம் தொடங்கப்பட்டது, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பாஸ்பாரிக் அமிலத்தில் துத்தநாகமோ மாங்கனீசோ கரைந்த தொட்டி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 90 டிகிரிக்கு மேல். இரும்பின் மேற்பரப்பு கொஞ்சம் கரைந்து, அந்த இடத்தில் பாஸ்பேட் படிகங்கள் முளைக்கும். துத்தநாகம் என்றால் வெளிர் சாம்பல், மாங்கனீசு என்றால் அடர்சாம்பல் முதல் கறுப்பு வரை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வீரர்கள் ஏந்திய எம்1 காரண்ட் துப்பாக்கிகளில் பார்ப்பது இதைத்தான்.

பார்க்கரைசிங் பார்வைக்குச் சொரசொரப்பு, பளபளப்பு கிடையாது. ஆனால் அந்தச் சொரசொரப்புதான் அதன் பலமே. படிகங்களுக்கு இடையில் எண்ணெய் தங்கும், பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். ப்ளூயிங்கில் துடைத்தால் போய்விடும் எண்ணெய் இதில் ஆழமாக நிற்கிறது. எண்ணெய் ஊறாத பார்க்கரைசிங் காப்பாற்றாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவி, சூடு ஆறுவதற்குள் எண்ணெயில் முக்கி ஒரு நாள் ஊறவிட்ட பாகத்துக்கும், அவசரத்தில் மேலாகத் துடைத்துவிட்ட பாகத்துக்கும் பல வருட வித்தியாசம் இருக்கிறது. தேய்ந்த இடத்தில்கூட பக்கத்துப் படிகங்களிலிருந்து எண்ணெய் கசிந்து ஓரளவு காக்கும். வேலைக்கென்று வைத்திருக்கும் துப்பாக்கிக்கு, குறைந்த செலவில், இது இன்றும் நல்ல பூச்சுதான்.

முலாம் வேறு வகை. நிக்கல் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரிவால்வர்களில் இருந்தே உண்டு. குறை இல்லாமல் முழுசாக மூடியிருக்கும் வரை அருமையாகக் காக்கும். ஆனால் நிக்கலும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து நின்றால் இரும்புதான் பலியாகும். அதனால் முலாமில் ஒரு ஊசித்துளை விழுந்தாலும் அதன் வழியே அடியில் துரு ஓடி, ஒருநாள் முலாம் கொப்பளித்துச் செதில் செதிலாக எழும். நான் சொல்லும் ‘தேய்ந்த இடம்’ சோதனையில் நிக்கல் தோற்பது இங்கேதான். பழைய நிக்கல் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குழலில் படியும் செம்பைக் கரைக்கும் அமோனியா கலந்த திரவத்தை அதன் மேல் தங்கவிடாதீர்கள். பல நிக்கல் முலாம்களுக்கு அடியில் செம்புப் படலம் இருக்கும், துளை வழியே திரவம் போய் அதை அரித்துவிடும். மின்சாரம் இல்லாமல் படியவைக்கும் நிக்கல் பாஸ்பரஸ் முலாம் இவ்விஷயத்தில் மேல், மூலை முடுக்கிலெல்லாம் ஒரே தடிமனாகப் படியும்.

ஹார்டு குரோம் என்ற குரோமிய முலாம் அரம் போட்டால் வழுக்கும் அளவுக்குக் கடினம். அது துப்பாக்கிக்கு வெளியே செய்ததைவிடக் குழலுக்கு உள்ளே செய்த நன்மை பெரிது. ஜப்பானின் டைப் 99 அரிசாகா துப்பாக்கியில் குழலின் உட்புறத்துக்குக் குரோம் ஏற்கெனவே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1960களில் வியட்நாமின் ஈரத்துக்கு அமெரிக்கா எம்16 துப்பாக்கியை அனுப்பியபோது தோட்டா உட்காரும் அறைக்கும் குழலுக்கும் குரோம் கிடையாது. சுட்ட தோட்டாக்கூடு அறையிலேயே சிக்கிக்கொண்டது, வீரர்கள் செத்தார்கள், 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. தோட்டாவின் வெடிமருந்தை மாற்றியதும், சுத்தம் செய்யும் கருவிகள் கொடுக்காததும் சேர்ந்த காரணங்கள், குரோமின் குறை மட்டும் அல்ல. ஆனால் துருப்பிடித்துக் குழிவிழுந்த அறை அதில் முக்கியமான ஒன்று. பிறகு அறைக்கும், அதற்கப்புறம் குழல் முழுவதற்கும் குரோம் கொடுத்தார்கள். பூச்சு என்பது அழகு விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

முலாம் பற்றிய எச்சரிக்கை ஒன்று: ஸ்பிரிங்குகளுக்கும் மிகக் கடினமான சிறு பாகங்களுக்கும் முலாம் போடக் கொடுக்காதீர்கள். அமிலத்தில் கழுவும்போதும் மின்முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். முலாம் ஏறிய சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யத் தவறினால் பாகம் பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் இரண்டாக உடையும்.

இனி நைட்ரைடிங். எஃகில் செய்த துப்பாக்கிக்கு, தினமும் கையாளுகிற துப்பாக்கிக்கு, ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். டெனிஃபர், மெலோனைட் எல்லாம் இதன் வணிகப் பெயர்கள். உருகிய உப்புத் தொட்டியில், சுமார் 570, 580 டிகிரியில், நைட்ரஜனும் கார்பனும் எஃகுக்குள்ளேயே ஊடுருவும். மற்றவை எல்லாம் மேலே உட்காரும் சட்டை என்றால் இது தோலே தடித்துப் போவது. உரிந்து வர எதுவும் இல்லை. மேலே 10 முதல் 20 மைக்ரான் வரை மிகக் கடினமான படலம், அதற்கும் கீழே நைட்ரஜன் பரவிய இன்னும் ஆழமான பகுதி. 1982இல் வந்த கிளாக் பிஸ்டலின் ஸ்லைடுக்கு, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்துக்கு, டெனிஃபர்தான் செய்தார்கள். உறையில் உரசி மேலே இருந்த கறுப்பு நிறம் போய் வெளுத்த பிறகும் அந்த ஸ்லைடுகள் எளிதில் துருப்பிடிக்காததற்குக் காரணம், போனது நிறம்தான், கடினப்பட்ட தோல் அடியில் அப்படியே இருக்கிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அந்தத் தொட்டியில் போட முடியாது. அந்த வெப்பத்தில் ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிடும், குறைந்த வெப்பத்தில் பதம் வைத்த எஃகு மென்மையாகிவிடும், ஈயப் பற்றாசு வைத்த இணைப்புகள் கழன்றுவிடும். துளையிடுவது, அறையைச் சரிசெய்வது போன்ற வேலைகளை முன்பே முடித்துவிட வேண்டும், அப்புறம் கருவி ஏறாது. துருவேறா எஃகில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இதைச் செய்தால் தேய்மானத்துக்கு நல்லது. ஆனால் அந்த எஃகைக் காக்கும் குரோமியத்தை நைட்ரஜன் பிடித்து வைத்துக்கொள்வதால், துருவை எதிர்க்கும் சக்தி குறையலாம்.

டிஎல்சி என்ற வைரம்போன்ற கார்பன் படலம் வெற்றிடக் கலனில் படியவைப்பது, தடிமன் சில மைக்ரான்கள். கடினத்திலும் வழுக்கலிலும் இதற்கு நிகர் குறைவு, ஸ்லைடை இழுத்துப் பார்த்தால் கண்ணாடி மேல் கண்ணாடி போவதுபோல இருக்கும். ஆனால் அது தேய்மானத்துக்கான பூச்சு. மென்மையான எஃகின் மேல் போட்டால் ஐஸ் படர்ந்த சேறு மாதிரி, அழுத்தினால் அடி அமுங்கி மேல் விரியும். நைட்ரைடிங் செய்த எஃகு மேலோ துருவேறா எஃகு மேலோ போட்டால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும்.

செராகோட் போன்ற பீங்கான் கலந்த பாலிமர் பூச்சுகள் தெளித்து, அடுப்பில் சுடுபவை. பரவலாகப் பயன்படும் வகைக்கு சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் எதன் மேலும் ஏறும், எந்த நிறமும் கிடைக்கும், வெளியே இருந்து வரும் உப்பையும் வேர்வையையும் தடுப்பதில் மிக நல்லது. தடிமன் சுமார் 25 மைக்ரான், இரண்டு பக்கம் சேர்ந்தால் 50. நெருக்கமாகப் பொருந்தும் பாகங்களில் இது இடிக்கும். பூச்சு என்பதால் கூர்மையான விளிம்புகளில் தேயும், தேய்ந்த இடத்தில் வெறும் இரும்பு. அதனால் கடல் காற்றில் புழங்குபவர்களுக்கு என் ஆலோசனை, அடியில் பாஸ்பேட், மேலே செராகோட். மேலே தேய்ந்தால் கீழே ஒன்று இருக்கும்.

இந்தப் பூச்சில் எல்லாமே முன்வேலைதான். மணல் வீச்சில் சொரசொரப்பாக்கி, பசை நீக்கி, ஒருமுறை சூடாக்கிப் பார்த்து, துளைகளிலிருந்து எண்ணெய் வழிந்தால் மறுபடி நீக்கி, கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். திருகுத்துளையில் தங்கிய ஒரு சொட்டு எண்ணெய் அடுப்பில் கசிந்து, பூச்சின் அடியில் நாணயம் அளவுக்குப் படர்ந்ததை நான் என் ஆரம்ப நாட்களில் பார்த்திருக்கிறேன். மேலே பார்க்க ஒன்றும் தெரியவில்லை, நகத்தால் சுரண்டியதும் தோல் போல உரிந்து வந்தது. முழுப் பூச்சையும் மணல் வீச்சில் உரித்தெடுத்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

விற்பவர்கள் உப்புப்புகைச் சோதனை மணிக்கணக்கைக் காட்டுவார்கள். 35 டிகிரியில், 5 சதவீத உப்புநீரைப் பனிபோலத் தெளிக்கும் சோதனை அது. ஒரே எஃகில், ஒரே முன்வேலையோடு, இரண்டு பூச்சுகளை ஒப்பிட அது உதவும். மற்றபடி பூச்சு கீறாமல் இருக்கும்போது எடுத்த கணக்கு, உறையில் உரசிய விளிம்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அலுமினியச் சட்டங்களுக்கு வேறு வழி, ஹார்டு அனோடைசிங். குளிர்ந்த கந்தக அமிலத்தில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல்தோலையே ஆக்சைடாக மாற்றுவது. சுமார் 50 மைக்ரான், அதில் பாதி உள்ளே, பாதி வெளியே. அலுமினியத்தை ஒருபோதும் சூடான ப்ளூயிங் தொட்டியில் இறக்காதீர்கள். காஸ்டிக் சோடா அதைப் பொங்கிப் பொங்கிக் கரைத்துவிடும், தொட்டி உங்கள் மேல் தெறிக்கும்.

துருவேறா எஃகு என்ற பெயரும் கொஞ்சம் மிகை. 1965இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 60 ரிவால்வர் அந்த எஃகில் வந்தபோது உடம்போடு ஒட்டிவைத்து எடுத்துச் செல்பவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் துப்பாக்கிக்கு வேண்டிய கடினம் கிடைக்கும் வகைகளில் குரோமியம் குறைவு, அடுக்களைப் பாத்திரத்து எஃகு அளவுக்கு அது தாங்காது. உப்புப் பட்டு, துடைக்காமல் விட்டால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். மெதுவாக வரும், அவ்வளவுதான். தோல் உறையில் வைத்து மாதக்கணக்கில் அலமாரியில் போடுவது எந்தப் பூச்சையும் சோதிக்கும். பதப்படுத்திய தோலில் அமிலமும் உப்பும் மிச்சம் இருக்கும், ஈரத்தையும் அது பிடித்து வைக்கும்.

இப்போது உங்கள் இரட்டைக்குழல். அதை யாரும் சூடான ப்ளூயிங் தொட்டியில் இறக்க விடாதீர்கள். இரண்டு குழல்களையும் அவற்றுக்கு இடையில் நீளவாக்கில் ஓடும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஈயம் கலந்த பற்றாசு, காஸ்டிக் சோடா அதைத் தின்னும். அது தாங்கினாலும் பட்டைக்கு அடியில் புகுந்த உப்பை வெளியே எடுக்க வழியில்லை. அப்படி ஒன்று என்னிடம் வந்தது. நிறம் அற்புதமாக இருந்தது, ஆனால் பட்டையின் ஓரம் நெடுகிலும் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. துடைத்தால் இரண்டு நாளில் மறுபடி பூக்கும். உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்ததற்கு அடையாளம் அது. நைட்ரைடிங்கின் வெப்பம் பற்றாசை உருக்கிவிடும், அதுவும் வேண்டாம். உங்களுக்கு ஏற்றது துரு ப்ளூயிங். 100 டிகிரிக்கு மேல் போகாது, பற்றாசு அசையாது.

பாலிஷ் செய்பவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சுழலும் சக்கரத்தில் வைக்கக் கூடாது, கையால் மட்டும். முத்திரைகளின் விளிம்பும் செதுக்கு வேலையும் சக்கரத்தில் மழுங்கினால் திரும்பக் கிடைக்காது. துருக்குழி ஆழமாக இருந்தால் அதை முழுதும் தேய்த்து எடுக்கப் பார்க்காமல், குழலின் சுவர்த் தடிமனை உரிமம் உள்ள துப்பாக்கித் தொழிலாளியிடம் அளந்து பாருங்கள். முறுக்கிச் செய்த வரிகள் கொண்ட பழைய குழலாக இருந்தால் நிறத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைச் சுடலாமா என்பதையே அவரிடம்தான் கேட்க வேண்டும். வெளுப்பு உங்களை உறுத்தவில்லை என்றால் எண்ணெய் விட்டுத் துருவை மட்டும் எடுத்து, மெழுகு பூசி அப்படியே விட்டுவிடுவதும் மரியாதையான வழிதான்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்து, குழல்களைக் கழற்றி, குழல்களின் அடியில் இருக்கும் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் பட்டைகள் நன்றாகப் பிடித்திருக்கின்றன, துரு ப்ளூயிங்குக்குக் கொடுக்கலாம். உடைந்த சட்டி போலக் கரகரத்தால் எங்கோ பற்றாசு விட்டிருக்கிறது. முதலில் பட்டையைப் பிரித்து, உள்ளே சுத்தம் செய்து, மறுபடி பற்றவைக்கச் சொல்லுங்கள். நிறம் அதற்குப் பிறகு.